புனல் லாரி

“வாயை நல்லாத் திறங்க மேடம், இன்னும் கொஞ்சம், ஆங், அப்படியே” என்றாள் டாக்டர் நிலோஃபர். வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்து வாயை மூடு, வாயை மூடு என்று சொல்லியே ஆயுசில் பாதியைக் கழித்த தமிழாசிரியை மங்கையர்க்கரசிக்கு, வாயைப் பிளந்துகொண்டு ஒரு வார்த்தை பேச வழியில்லாமல் மல்லாந்து கிடப்பது எத்தனை பெரிய தண்டனை என்று இப்போதுதான் தெரிந்தது. அதுவும் எந்த நாளில்! இந்தக் கடைவாய்ப் பல்லுக்கு உடைய வேறு நாளே கிடைக்கவில்லையா? போன வாரம் உடைந்திருக்கலாம், தேர்வுத்தாள் திருத்திக்கொண்டு சும்மாதானே இருந்தாள். அடுத்த வாரம் உடைந்திருந்தால் விழுந்த பல்லைத் தாளில் மடித்துப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். இல்லை, இன்றைக்குத்தான், நுங்கம்பாக்கத்தில் அந்தக் குளுகுளு அறையில், தேநீர் இடைவேளையில், ஓசியில் வந்த கடலை மிட்டாயைக் கடித்தபோதுதான் கடக் என்றது. கடலைதான் உடைந்தது என்று நினைத்து இன்னொரு கடி வேறு கடித்தாள், அறிவு. பாதிப் பல் கையில் வந்து விழுந்ததைப் பார்த்துக் குழுத் தலைவர் முனைவர் பூவராகன், “அடடா, அடடா, உடனே டாக்டர்கிட்ட போங்க மேடம், இங்க நாங்க பாத்துக்கிறோம்” என்றார். என்ன அக்கறை, என்ன அக்கறை! நாங்க பாத்துக்கிறோம் என்று அவர் சொன்னதுதான் பல் உடைந்ததைவிட வலித்தது. ஏனென்றால் அவள் பேச வேண்டிய பக்கம் அதற்கு அடுத்துதான் வரவேண்டியிருந்தது. ஒரு கல்வி அறக்கட்டளை தன் பள்ளிகளுக்கென்று சொந்தமாக அச்சிடும் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் அது. புதுப் பதிப்பு அச்சுக்குப் போகுமுன் குறை நிறை சொல்ல ஒரு குழு. அந்த அறக்கட்டளையின் தண்டையார்பேட்டைப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் அவளும் அதில் ஒருத்தி. செய்யுளைப் பற்றி எல்லாரும் பேசினார்கள், படங்களைப் பற்றிப் பேசினார்கள், அட்டையில் மயில் போடுவதா தாமரை போடுவதா என்று அரை மணி நேரம் பேசினார்கள். அவள் காத்திருந்தது ஒரே ஒரு விஷயத்துக்கு. ஒவ்வொரு பாடத்தின் ஓரத்திலும் நீலக் கட்டம் கட்டிப் போட்டிருந்த ‘சொற்பெட்டி’க்கு. அதை நீக்கிவிட வேண்டும். இன்றைக்கு நீக்காவிட்டால் அடுத்த பதிப்பு வரும்வரை, அதாவது அவள் ஓய்வு பெற்றுப் போகும்வரை, பிள்ளைகள் அந்தப் பெட்டிக்குள்தான் கிடக்க வேண்டும். “நான் திரும்பி வர்ற வரைக்கும் அந்தப் பக்கத்தை எடுக்கக் கூடாது ஐயா” என்று கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டே சொன்னாள். “மூணு மணிக்கு எடுப்போம், போயிட்டு வாங்க” என்றார் அவர். அந்த மூணு மணியை நம்பித்தான் இப்போது ராயப்பேட்டையில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறாள்.

ஊசி ஈறுக்குள் போனபோது கண்ணில் தண்ணீர் வந்தது. “அவ்ளோதான் மேடம், முடிஞ்சிடுச்சு, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்” என்றாள் டாக்டர். எந்த ஊர் எறும்பு அம்மா இது, என்று கேட்க நினைத்தாள் மங்கையர்க்கரசி, கேட்க முடியவில்லை. கீழுதட்டின் இடப்பக்கம் முதலில் குறுகுறுத்தது, பிறகு தடித்தது, பிறகு காணாமல் போனது. நாக்கில் சரிபாதி எங்கேயோ போய்விட்டது. இருக்கிற பாதியால் இல்லாத பாதியைத் தடவித் தேடினாள். “ரெண்டு ரெண்டரை மணி நேரம் மரத்து இருக்கும் மேடம், ஆளப் பொறுத்தது, சிலருக்கு சீக்கிரமாவே விட்டுடும். அதுவரைக்கும் சூடா எதுவும் குடிக்காதீங்க, நாக்கக் கடிச்சுக்கப் போறீங்க” என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் ஊசி ஏறுவதற்காகக் கொஞ்சம் விலகிப் போனாள். ரெண்டரை மணி நேரமா? சுவரில் கடிகாரம் பன்னிரண்டரை தாண்டியிருந்தது. கூட்டிப் பார்த்தாள். மரப்பு விடுவதும் மூணு மணி, பேச வேண்டியதும் மூணு மணி. அப்படியென்றால் இந்தப் பாதி நாக்கோடுதான் பேச வேண்டும். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து மெல்லச் சொல்லிப் பார்த்தாள்: வாழைப்பழம். வரவில்லை. ‘வாயப்பயம்’ மாதிரி ஏதோ வந்தது. இத்தனை வருஷமாக எத்தனை பிள்ளைகளுடைய நாக்கை மேலே மடி, இன்னும் மேலே, உள்ளே இழு என்று படுத்தியிருக்கிறாள், இப்போது அவள் நாக்கே மடிய மாட்டேன் என்கிறது. அவள் பேச வேண்டிய பேச்சில் எதை எடுத்தாலும் இந்த ழ வந்து நிற்கும். தமிழ், எழுத்து, வழக்கு, பிழை, மழலை. பூவராகன் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். பரிவாகத்தான் சொல்வார். சிரமப்படாதீங்க மேடம், எழுதிக் குடுத்துடுங்க என்பார். எழுதிக் கொடுத்ததெல்லாம் எங்கே போகும் என்றும் அவளுக்குத் தெரியும். ‘கருத்து பதிவு செய்யப்பட்டது’ என்று ஒரு வரி போட்டு மூடிவிடுவார்கள், அதற்கப்புறம் அந்தக் கருத்தை எடுக்கத் தோண்டித்தான் பார்க்க வேண்டும். பேசினால்தான் நடக்கும். முகத்தைப் பார்த்துப் பேசினால்தான் ஒரு ஆளாவது தலையை ஆட்டுவான். மேலே தொங்கிய விளக்கின் ஓரத்து வளையத்தில் அவள் முகம் சின்னதாகத் தெரிந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அம்மா. சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள். அது ஊசி, வெறும் ஊசி, அம்மாவுக்கு வந்தது வேறு, இது ரெண்டு மணி நேரத்தில் விட்டுவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். 

சரி, அதை விடு, பேச்சைப் பார். பேச்சு கையில் இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. ஒரு மாசமாக உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை உரித்துப் பார்த்திருக்கிறாள். பெட்டியில் இருக்கிற ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, இது புத்தகத்தில் மறுபடி எங்கே வருகிறது என்று பக்கம் பக்கமாகத் தேடினாள். எங்கேயும் வரவில்லை! செய்யுளில் ஒரு தரம் தலையைக் காட்டும், பெட்டியில் ஒரு தரம் பொருளோடு வரும், பிறகு பரீட்சையில் வந்து மிரட்டும், போயே போய்விடும். கல்யாண வீட்டில் ஒருத்தரைக் கையைக் காட்டி, இவர்தான் உன் ஒன்றுவிட்ட சித்தப்பா என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் விட்டுவிட்டால் சொந்தம் ஒட்டுமா? அடுத்த தடவை வழியில் பார்த்தாலும் யாரோ என்றுதான் போவோம். போதாக்குறைக்கு, அந்தப் பெட்டிக்காரர்கள் கொடுக்கிற பொருள் இருக்கிறதே, அது தனிக் கூத்து. மூணாம் பாடத்துப் பெட்டியில் ‘இறுமாப்பு – செருக்கு’. சரி, செருக்கு என்றால் என்ன? ஏழாம் பாடத்துப் பெட்டியில் பதில் இருக்கிறது: ‘செருக்கு – இறுமாப்பு’. ஆஹா! பிள்ளை அங்கேயிருந்து இங்கே, இங்கேயிருந்து அங்கே ஓடிக் களைத்துப் படுத்துவிடும். நம்ம வீட்டில் சொல்கிற திமிர் என்ற சொல்லை எழுத அவர்களுக்கு என்ன திமிரோ! பிறகு பயிற்சி. சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக. வாக்கியத்தில் வைத்து ஒரு தரம்கூடக் காட்டாத சொல்லை எடுத்து, வாக்கியம் எழுது என்றால் பிள்ளை என்ன செய்யும்? பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், ஒரு சாவியைச் செய்து வைத்திருக்கிறார்கள், எந்தப் பூட்டுக்கும் போடலாம். ‘எனக்கு ஞாலம் மிகவும் பிடிக்கும்.’ ‘எனக்கு நாவாய் மிகவும் பிடிக்கும்.’ ‘எனக்கு இறுமாப்பு மிகவும் பிடிக்கும்.’ எதில் பிழை இருக்கிறது? எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, முற்றுப்புள்ளி இருக்கிறது, ஆசிரியர் சரி போட்டுவிட்டுப் போவார். கொஞ்சம் தைரியசாலிப் பிள்ளையாக இருந்தால், ‘காலையில் எழுந்து வதனம் கழுவினேன்’ என்று எழுதும். அந்தப் பிள்ளையை அவள் எப்போதும் கொஞ்சம் கூடுதலாக நேசிப்பாள், ஏனென்றால் அது சொல்லை நம்பி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. “நீங்க டீச்சரா மேடம்? தமிழா?” என்றாள் டாக்டர், பல்லைக் குடைகிற கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு. அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. கேட்டுவிட்டு டாக்டரே பதிலும் சொன்னாள். “எனக்குத் தமிழ் சுத்தமா வராது மேடம் ஸ்கூல்ல. ஆனா ‘பொருத்துக’ மட்டும் ஃபுல் மார்க். எப்படின்னு கேளுங்க. நாலு தெரிஞ்சா போதும், அஞ்சாவது எங்க போகும், தானா போய் ஒட்டிக்கும்.” கேட்டாயா பூவராகா! வாயில் இத்தனை சாமான் இல்லாவிட்டால் எழுந்து இந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்து, வா, நீயே வந்து இதைக் குழுவில் சொல்லு என்று இழுத்துக்கொண்டு போயிருப்பாள்.

கருவி ஙீ என்று பாடத் தொடங்கியது, மண்டைக்குள் ஏதோ சாலை போடுகிறார்கள். வலி இல்லை, சத்தம் மட்டும்தான், ஆனாலும் வலி வந்துவிடுமோ வந்துவிடுமோ என்று கால் கட்டைவிரல் இரண்டும் விறைத்துக்கொண்டு நின்றன. வேறு எதையாவது நினை, ஜெனிஃபாவை நினை. ஆறாம் வகுப்பு பி பிரிவு, ரெட்டைச் சடை, வண்ணாரப்பேட்டையிலிருந்து அக்காவோடு நடந்து வருவாள். இப்போதிருக்கிற புத்தகத்திலும் அதே பெட்டிதான். அதில் ‘புனல் – நீர்’ என்று போட்டிருந்தது, மங்கையர்க்கரசி வாக்கியம் எழுதச் சொன்னாள். எல்லாரும் சாவியைப் போட்டுத் திறந்தார்கள், எனக்குப் புனல் மிகவும் பிடிக்கும். ஜெனிஃபா மட்டும் எழுதியிருந்தாள்: ‘எங்கள் தெருவுக்கு இரண்டு நாளாகப் புனல் லாரி வரவில்லை.’ படித்ததும் மங்கையர்க்கரசிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்த பிறகு சிவப்புப் பேனா அந்தரத்தில் நின்றுவிட்டது. எந்த இடத்தில் சுழிப்பது? “ஏன்டி இப்படி எழுதின?” என்று கேட்டாள். “புக்குல அப்படித்தான மிஸ் இருக்கு. புனல்னா நீர். நீர்னா தண்ணி. தண்ணி லாரின்னா புனல் லாரிதான?” கணக்கு வாத்தியார் கேட்டால் தோளில் தட்டிக் கொடுப்பார். அம்மாவிடம் போய் ஒரு சொம்பு புனல் கொடு என்று கேட்டாளாம், ஒழுங்காப் பேசு என்று தலையில் ஒரு குட்டு வாங்கினாளாம். அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அறிவியல் தேர்வில் வடிகட்டுதல் படம் வந்தது. பாகங்களைக் குறி என்றார்கள். புனல் என்று எழுதி, அம்பு போட்டு, கண்ணாடிக் குவளையில் இருக்கிற தண்ணீரைக் காட்டினாள் பிள்ளை! அறிவியல் புத்தகத்தில் புனல் என்றால் மேலே அகலமாகவும் கீழே குழாயாகவும் இருக்கிற அந்தச் சாமான். அறிவியல் டீச்சர் பெரிசாகத் தவறு போட்டுவிட்டார். அழுதுகொண்டே தமிழ்ப் புத்தகத்தையும் அறிவியல் தாளையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள், மூக்கு ஒழுகியது. “எந்த மிஸ் சொல்றது கரெக்ட், மிஸ்?” ரெண்டு மிஸ்ஸும் சரிதான் என்று சொன்னால் அழுகை நிற்குமா? சமூக அறிவியல் புத்தகத்தில் புனல் மின் நிலையம் என்று இன்னொன்று காத்துக்கொண்டிருப்பதை மங்கையர்க்கரசி சொல்லவில்லை, பாவம், அது அடுத்த பருவத்தில் வரட்டும் என்று விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு ஜெனிஃபாவும் சாவிக்கு மாறிவிட்டாள். போன வாரம் எழுதியது என்ன தெரியுமா? ‘எனக்கு மாரி மிகவும் பிடிக்கும்.’ அதைப் பார்த்தபோது மங்கையர்க்கரசிக்கு அழுகையே வந்துவிட்டது. புனல் லாரி எழுதின கை அது. அந்தப் பிள்ளை மறுபடி துணிந்து ஒரு தப்பு எழுத வேண்டும், அதற்குத்தான் இந்தப் பேச்சு, இந்தப் பெட்டி ஒழிய வேண்டும் என்பது எல்லாம் அதற்குத்தான். பூவராகனுக்கு இது புரியவில்லை என்றில்லை, அவர் வேறு ஒன்றுக்குப் பயப்படுகிறார். “பெட்டியையும் எடுத்துட்டா பழைய சொல்லெல்லாம் செத்துடும் மேடம்” என்பார். ஐயா, நானா சாகச் சொல்கிறேன்? புனல் எத்தனை அழகான சொல்! அதற்கு நீர் என்று பொருள் போட்டதே பாதிப் பொய். புனல் என்றால் ஓடுகிற தண்ணீர். குடத்தில் அடைத்து வைத்தது புனல் இல்லை. ஆடிமாசம் ஆற்றில் புதுசாக நுரைத்துக்கொண்டு வருகிறதே அது புதுப்புனல். அந்தச் சொல்லை ஒரு கதையில் ஓடவிடு, அடுத்த பாடத்தில் ஒரு ஆறு வரும்போது மறுபடி ஓடவிடு, மின்சாரம் பற்றிப் பேசும்போது ஒரு தரம் கூப்பிடு, பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். பத்துச் சொல்லைப் பெட்டியில் போட்டு மூடுவதற்குப் பதில் மூணு சொல்லை வெளியே விடு. அவ்வளவுதான் அவள் கேட்பது. இதைச் சொல்ல ஒரு நாக்கு வேண்டும், முழு நாக்கு.

போன் அடித்தது. மேஜைமேல் இருந்த அவள் போன்தான். “மேடம், ‘பூவராகன் ஐயா’ன்னு வருது, எடுக்கவா?” என்றாள் டாக்டர். கண்ணை அகல விரித்துத் தலையை ஆட்டினாள். டாக்டர் முழங்கையால் அமுக்கி ஒலிபெருக்கியில் போட்டாள். “மேடம், எப்படி இருக்கு பல்லு? நீங்க ஒண்ணும் அலைய வேணாம், வீட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுங்க. இங்க ரெண்டு பேருக்கு ஊருக்கு பஸ்ஸாம், அதனால அந்த சொற்பெட்டிய ரெண்டரைக்கே விவாதத்துக்கு எடுத்து முடிச்சுடலாம்னு சொல்றாங்க. உங்க கருத்த ரெண்டு வரி எழுதி அனுப்புனா போதும், பதிவு பண்ணிடுறோம். என்ன, சரிதானே?” சரியா? ரெண்டரையா? நாற்காலியிலிருந்து எழப் பார்த்தாள், வாயில் உறிஞ்சு குழாய், பஞ்சு, ரப்பர், இரும்பு. “ஆ! ஆஆ! ஊ!” என்றாள். “ஆங், சரி சரி, சம்மதம்னு எடுத்துக்கிறேன் மேடம், உடம்பப் பாத்துக்குங்க” என்றது போன். ஆயுசில் இப்படி ஒரு அநியாயத்தை அவள் பார்த்ததில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் படபடவென்று தட்டினாள். டாக்டர் நிலோஃபர் அவள் முகத்தை ஒரு நொடி பார்த்தாள், குனிந்து போனுக்குள் சொன்னாள்: “சார், நான் டாக்டர் பேசறேன். அவங்க வாயில மெஷின் இருக்கு. அவங்க எதுக்கும் சம்மதிக்கல. ரொம்பக் கோவமா இருக்காங்க. ரெண்டரைக்குள்ள நான் அனுப்பி வைக்கறேன், அவங்க வர்ற வரைக்கும் எதையும் எடுக்காதீங்க.”  “சரிங்க டாக்டர்” என்று வந்தது. நல்லா இரு தாயே, நீ பொருத்துகவில் வாங்கின அஞ்சு மார்க்கும் உனக்கே சொந்தம். ஆனால் அனுப்பி வைத்தால் மட்டும் என்ன ஆகிவிடும்? பாதி நாக்கை வைத்துக்கொண்டு ஆ ஊ என்று சொன்னால் அங்கேயும் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

கருவி மறுபடி ஓடியது. ஆ ஊ. அம்மாவும் இப்படித்தான். சௌந்தரம்மாள், தெருவே அவள் குரலுக்கு அடங்கும், லாரி வரும் நாளில் குழாயடி வரிசையை ஒற்றை ஆளாக ஒழுங்குபடுத்துகிறவள், ஒருநாள் காலையில் பக்கவாதம் வந்து விழுந்தாள். எழுந்தபோது கை வந்தது, கால் கொஞ்சம் வந்தது, சொல் வரவில்லை. புத்தி தெளிவாக இருந்தது, கண்ணில் எல்லாம் தெரிந்தது, வாயைத் திறந்தால் அந்த... அந்த... அது... என்று நின்றுவிடும். நினைக்கக் கூடாது என்றுதான் இத்தனை நேரம் தள்ளிக்கொண்டு வந்தாள், பாதி மரத்த வாயோடு படுத்துக்கொண்டு அம்மாவை நினைக்காமல் எப்படி இருப்பது? பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பிள்ளையாண்டான் வருவான், கட்டுக்கட்டாகப் பட அட்டை வைத்திருப்பான். ஒரு தம்ளரில் தண்ணீர் இருக்கிற படத்தைக் காட்டி, “இது என்னம்மா?” என்று கேட்பான். அம்மா படத்தைப் பார்ப்பாள், அவனைப் பார்ப்பாள், உதடு துடிக்கும். தெரியும் அவளுக்கு, தொண்டைவரை வந்து நிற்கிறது, வராது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டும். மங்கையர்க்கரசி சமையல்கட்டுக்குள் போய் நின்றுகொள்வாள், பார்க்கச் சகிக்காது. அப்படி ஒருநாள், அட்டையைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே, தெருமுனையில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. அம்மா சடாரென்று நிமிர்ந்தாள். “தண்ணி வந்துடுச்சுடி, குடத்த எடு!” முழு வாக்கியம்! பழைய குரல், பழைய அதட்டல், ஒரு எழுத்துத் தேயவில்லை. மங்கையர்க்கரசி சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தாள். பிறகு அம்மாவே சிரித்துவிட்டாள், கோணின வாயோடு, அழுதுகொண்டே. அன்றிலிருந்து அந்தப் பையன் அட்டையை மூட்டை கட்டினான். இது என்ன என்று கேட்பதை விட்டான். “எனக்குத் தாகமா இருக்கு, குடிக்கக் கொஞ்சம்...” என்று இழுத்து நிறுத்துவான். “தண்ணி” என்பாள் அம்மா. “சோறு வெந்துடுச்சா, ஒரு வாய் ரசம்...” “ஊத்து.” அட்டையில் தனியாக நின்றபோது வராத சொல், வாக்கியம் வாசலைத் திறந்தால் தானாக வந்தது. அது குடியிருந்த இடம் அதுதானே. இதையெல்லாம் மங்கையர்க்கரசி எந்தக் குழுவிலும் சொன்னதில்லை. வீட்டுக் கதையை அங்கே எதற்கு என்று ஒரு கூச்சம், சொன்னால் குரல் உடைந்துவிடும் என்று ஒரு பயம். ஆனால் இத்தனை வருஷமாக வகுப்பில் அவள் செய்கிறதெல்லாம் அந்த லாரி ஹாரனிலிருந்துதான் வந்தது என்று இந்த நாற்காலியில் படுத்திருக்கும்போதுதான் உறைத்தது. பட அட்டைக்கும் சொற்பெட்டிக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. அங்கே அம்மா அழுதாள், இங்கே ஜெனிஃபா அழுதாள்.

“முடிஞ்சிடுச்சு மேடம். கொப்பளிங்க” என்று காகிதக் குவளையைக் கொடுத்தாள் டாக்டர். கொப்பளித்ததில் பாதி புடவையில் வழிந்தது, உதடு எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்தாள். இழுத்த வாய்தான், அம்மாவின் வாய்தான், ஆனால் இந்த முறை பயம் வரவில்லை. இது என் வாய், சாயங்காலம் திரும்பி வந்துவிடும். “ஹ...ஹணம்...” என்றாள். “என்ன மேடம்?” “ஹண்ம்.” டாக்டர் முழித்தாள். மங்கையர்க்கரசி கைப்பையைத் திறந்து பணத்தைக் காட்டினாள். “ஐயோ, அது வெளிய ரிசப்ஷன்ல குடுங்க. முதல்ல ஓடுங்க நீங்க, ரெண்டாகப் போகுது.”

வெயில் கொளுத்தியது. வந்து நின்ற முதல் ஆட்டோவின் பக்கம் குனிந்து, “நுங்கம்பாக்கம்” என்றாள். அப்படித்தான் சொன்னதாக அவள் நினைத்தாள். “எங்கம்மா? உங்கப்பா ஹோமா?” என்றார் டிரைவர். நரைத்த மீசை, தலையில் துண்டு. “நுங்...ஹம்...பாஹம்!” “அம்பத்தூரா? அம்மாடி, அவ்ளோ தூரம் நான் வரலம்மா.” அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு ஊர்ப் பெயரைச் சொல்ல வக்கில்லை, இவள் போய்க் குழுவில் என்னத்தைக் கிழிக்கப் போகிறாள்! ஆத்திரத்தில் வாய் தானாக ஓடியது, கொழகொழவென்று, எச்சில் தெறிக்க: “இங்கேருந்து நேராப் போயி ஜெமினி பாலத்துக்குக் கீழ ரைட்டுல திரும்புனா, அந்த ஹை ரோட்டுல பெரிய ஸ்கூல் வருமில்ல, அதுக்குப் பக்கத்துல எறக்கி விடுங்கண்ணே!” டிரைவர் முகம் தெளிந்தது. “அட, நுங்கம்பாக்கம்னு சொல்லேம்மா! ஏறு ஏறு.”

ஏறப் போன கால் படியிலேயே நின்றுவிட்டது. இவருக்கு எப்படிப் புரிந்தது? ரைட்டும் ஒழுங்காக வரவில்லை, ஜெமினியும் ஒழுங்காக வரவில்லை, ஸ்கூல் ‘ஷ்ஹூல்’ என்றுதான் வந்தது. அத்தனை ஊனத்தோடும் வாக்கியம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒற்றைச் சொல்லாக நின்ற நுங்கம்பாக்கம் அப்பா ஹோமுக்கும் அம்பத்தூருக்கும் போய்விட்டது. ஐயோ மங்கை, மங்கை, என்று தன்னைத் தானே தொடையில் தட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இத்தனை நேரம் இந்த மரத்த நாக்கை நினைத்தல்லவா பயந்துகொண்டிருந்தாய்! வண்டி பீட்டர்ஸ் சாலைக்குள் திரும்பியது. அவளுக்கு இப்போது எல்லாம் தெரிந்தது, அந்தக் குளுகுளு அறை, நீள மேஜை, பூவராகனின் கண்ணாடி. போய் எழுந்து நிற்பாள். எல்லாரும் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள், நான் சொல்வதைக் கேட்டு எழுதுங்கள் என்று சைகை காட்டுவாள். பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்வாள்: புனல், வதனம், ஞாலம், நாவாய். எழுதட்டும் பார்ப்போம், முனைவர்கள் எல்லாரும், ஒரு சொல்லாவது பிடிபடுகிறதா என்று பார்ப்போம். பிறகு ஜெனிஃபாவின் வாக்கியத்தைச் சொல்வாள், தண்ணி லாரி என்று மாற்றி, இதே வாயால்: எங்கள் தெருவுக்கு இரண்டு நாளாகத் தண்ணி லாரி வரவில்லை. ஒருத்தர் விடாமல் எழுதுவார்கள். அதற்குப் பிறகு அவள் ஒன்றுமே பேச வேண்டியதில்லை. வேண்டுமானால் அம்மாவைப் பற்றிச் சொல்லலாம். சொல்வாள். குரல் உடைந்தால் உடையட்டும், ஏற்கெனவே உடைந்துதானே இருக்கிறது.

கீழுதட்டின் ஓரத்தில் லேசாகக் குறுகுறுத்தது. அவள் விரலை வைத்துப் பார்த்தாள். ஒரு கடுகளவு இடத்தில் உதடு திரும்பி வந்திருந்தது. சிலருக்குச் சீக்கிரமாவே விட்டுடும் என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஐயையோ, அதற்குள்ளாகவா? இரு, இரு, இன்னும் அரை மணி நேரம் இரு என்று நாக்கைக் கெஞ்சினாள். முன்னால் சிக்னலில் வண்டிகள் தேங்கி நின்றன. ஆட்டோவும் நின்றது.

“வேகமாப் போங்கண்ணே” என்றாள் முன்பக்கம் எக்கி. “மரப்பு விடுறதுக்குள்ள நான் போய்ப் பேசியாகணும்.”

டிரைவர் கண்ணாடியில் அவளை ஒரு மாதிரி பார்த்தார். “மரப்பு விட்டப்புறம்தானம்மா பேச வரும்?”

“அப்புறம் என்னண்ணே, அதுல என்ன இருக்கு, அப்ப யார் வேணும்னாலும் பேசிடலாமே!” என்றாள். அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூட உருப்படியாக வரவில்லை. எச்சில் வழிந்து முகவாய்வரை வந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

“அதுவும் சரிதான்” என்றார் டிரைவர், ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டு, சிக்னல் விழுந்ததும் வண்டியை முறுக்கினார்.